நாணயக் காப்பு எதைக் காக்கும்?



55 வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமநிதி, தோட்டம் கைமாறும்போது கிடைக்கும் நட்டஈடு ஆகிய இரண்டையும் விட்டால், தோட்டத்துக் குடும்பம் ஒன்று பெருந்தொகையை மொத்தமாகப் பார்ப்பது அரிது. அப்படி ஒரு தொகை வந்த செய்தி லயத்தில் பரவி முடிவதற்குள், வாசலில் முகவர் ஒருவர் வந்து அமர்ந்துவிடுவதும் உண்டு. வழவழப்பான தாளை விரித்துக் காட்டி, "அமெரிக்கப் பங்குச் சந்தையில் போடுகிறோம் ஐயா. நாணயக் காப்பும் சேர்த்தே இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை" என்பார்.

காப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே நமக்குக் காப்புறுதி நினைவுக்கு வருகிறது. வீடு எரிந்தால் காப்புறுதிக் கம்பெனி பணம் தரும். அதுபோலப் பங்கு விழுந்தாலும் யாரோ ஈடுகட்டுவார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். முகவரும் அந்த எண்ணத்தைக் கலைக்க அவசரப்படுவதில்லை. ஆனால் நாணயக் காப்பு வேறு, காப்புறுதி வேறு. ஆங்கிலத்தில் ஹெட்ஜிங் என்று சொல்லப்படும் இந்தக் காப்பு எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், இந்த நிதி என்பது என்ன? 1960-ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டும் ஒருவர் தனியாக ஒரு தோட்டத்தை வாங்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் சிறுகச் சிறுகப் பணம் கட்டியபோது தோட்டங்களையே வாங்க முடிந்தது. பங்கு நிதியும் அடிப்படையில் இதே கூட்டு முயற்சிதான். பலருடைய பணத்தைத் திரட்டிப் பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைக்கிறார்கள். சங்கத்தில் உறுப்பினருக்கு இருந்த குரல் இங்கே இல்லை என்பது ஒரு வேறுபாடு. அதை மறக்கக் கூடாது.

அந்த நிதிகளில் ஒரு வகைதான் ஈ.டி.எஃப். என்பது. பங்குச் சந்தையிலேயே பங்கைப் போல வாங்கவும் விற்கவும் கூடிய நிதி இது. எந்தக் கம்பெனி தேறும், எது தேறாது என்று ஆராய்ந்து பொறுக்கும் வேலை பெரும்பாலும் இதில் இல்லை. அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளை வைத்துக் கணக்கிடப்படும் எஸ் அண்ட் பி 500 போன்ற ஒரு குறியீட்டெண்ணை எடுத்துக்கொண்டு, அதில் உள்ளவற்றை அதே விகிதத்தில் வாங்கி வைப்பார்கள். குறியீட்டெண் ஏறினால் நிதியும் ஏறும், இறங்கினால் இறங்கும். பொறுக்கும் வேலை இல்லாததால் நிர்வாகக் கட்டணமும் குறைவு. நம் நாட்டுப் பங்குச் சந்தையில் 2005 முதல் இவ்வகை நிதிகள் உண்டு. ஆனால் நாணயக் காப்புடன் கூடிய ஈ.டி.எஃப்.கள் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளில்தான் மிகுதி. இங்கே நம் கண்ணில் அதிகம் படுவது, யூனிட் டிரஸ்ட் நிதிகளில் "ரிங்கிட் ஹெட்ஜ்ட்" என்று அச்சிட்டிருக்கும் பிரிவு. இரண்டிலும் காப்பு வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

வெளிநாட்டுப் பங்கை வாங்குகிறவர் இரண்டு தராசுகளில் ஏறி நிற்கிறார். ஒன்று பங்கின் விலை. மற்றொன்று அந்த நாட்டு நாணயத்துக்கும் நம் வெள்ளிக்கும் உள்ள மாற்று விலை. ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு இந்த இரண்டாம் தராசு புதிதல்ல. ஒரே நூறு வெள்ளிதான்; போன மாதம் ஒரு கணக்கில் ரூபாய் போய்ச் சேரும், இந்த மாதம் வேறு கணக்கில் போய்ச் சேரும். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்வார்கள். 2013-இன் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி. 2024 பிப்ரவரியில் மூன்றரை வெள்ளிக்கும் மேல். சம்பளம் ஒரு காசு கூடாவிட்டாலும் வீட்டுக்கு வரும் பணம் கூடியது.

நம் வெள்ளியின் கதையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1997-இன் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 2.50 வெள்ளி. ஆசிய நிதி நெருக்கடி வந்து, 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசாங்கம் டாலருக்கு 3.80 என்று ஆணியடித்து நிறுத்தியது. 2005 ஜூலை வரை அந்த ஆணி பிடுங்கப்படவில்லை. அந்த ஏழு ஆண்டுகளில் டாலர் விலையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டு முதலீடு என்றால் பங்கின் விலையை மட்டும் பார்த்தால் போதும் என்ற பழக்கம் அப்போது வந்ததோ என்னவோ. ஆணி போன பிறகு இரண்டு தராசுகளும் ஆடத்தான் செய்கின்றன.

எவ்வளவு ஆடும் என்பதற்கு இரண்டு கணக்குகள் போட்டுப் பார்ப்போம். இலாப ஈவையும் கட்டணத்தையும் ஒதுக்கி வைத்து, முழு எண்ணாகவே பேசுவோம்.

2024 பிப்ரவரி 20-ஆம் தேதியை ஒட்டி ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 வெள்ளிக்கு விற்றது. அன்று ஒரு குடும்பம் 4,800 வெள்ளியைக் கொடுத்து, காப்பு இல்லாத அமெரிக்கப் பங்கு நிதியை வாங்கியிருந்தால், அவர்கள் பெயரில் 1,000 டாலர் இருக்கும். அவ்வாண்டு செப்டம்பர் முடிவதற்குள் எஸ் அண்ட் பி 500 ஏறக்குறைய 100-க்கு 16 கூடியது. 1,000 டாலர் 1,160 டாலர் ஆயிற்று. நல்ல இலாபம் அல்லவா? ஆனால் அதே நேரத்தில் நம் வெள்ளி வலுவடைந்து, டாலர் 4.12 வெள்ளிக்கு இறங்கிவிட்டது. 1,160 டாலரை வெள்ளியாக்கினால் 4,780 வெள்ளி கூட முழுதாக வராது. அமெரிக்கச் சந்தை கொண்டாடியது. நம் குடும்பத்துக்குப் போட்ட முதலில் 20 வெள்ளி குறைவு. காப்புள்ள பிரிவில் இருந்திருந்தால் 5,400 வெள்ளிக்கு மேல் நின்றிருக்கும்.

முகவர் இந்தக் கணக்கைக் காட்டினால் அதில் பொய் இல்லை. ஆனால் அவர் காட்டாமல் விடக்கூடிய இன்னொரு கணக்கும் இருக்கிறது.

2014 ஆகஸ்டு கடைசியில் டாலர் சுமார் 3.15 வெள்ளி. அப்போது 3,150 வெள்ளி போட்டவருக்கு 1,000 டாலர் கிடைத்திருக்கும். அடுத்த ஓராண்டில் எண்ணெய் விலை சரிந்தது; எண்ணெய் வருமானத்தை நம்பியிருந்த நம் நாட்டு வெள்ளியும் அதோடு சரிந்தது. 2015 ஆகஸ்டில் சீனா தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தபோது இன்னும் இறங்கியது. செப்டம்பர் முடிவில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.40 வெள்ளி. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கச் சந்தை 100-க்கு 4 விழுந்திருந்தது. ஆகவே கையில் 960 டாலர்தான். ஆனால் வெள்ளியில் அது 4,200-க்கும் மேல். பங்கு நஷ்டத்தில் இருக்க, வீட்டுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் இலாபம்! காப்பு வாங்கியிருந்தவருக்கோ பணம் ஏறக்குறைய போட்ட முதலிலேயே நின்றிருக்கும். காப்பு அவரை இலாபத்திலிருந்து காப்பாற்றிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. சிறுதோட்டக்காரர் ஒருவர் பால் வியாபாரியோடு, "வருகிற மாதம் நான் கொண்டுவரும் சரக்குக்கு இன்றே ஒரு விலை பேசிக்கொள்வோம்" என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் சந்தை விலை விழுந்திருந்தால் அவருக்கு நிம்மதி. சந்தை விலை ஏறியிருந்தாலும் பேசிய விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். நிதியை நடத்துகிறவர் வங்கியோடு செய்வதும் இதுதான். "அடுத்த மாதம் இத்தனை டாலரை இன்ன விலைக்கு விற்கிறேன்" என்று முன்கூட்டியே ஒப்பந்தம். டாலர் இறங்கினால் ஒப்பந்தத்தில் வரும் இலாபம், நாணயத்தில் வந்த நஷ்டத்தைச் சரிக்கட்டும். டாலர் ஏறினால் நாணயத்தில் வந்த இலாபத்தை ஒப்பந்தம் தின்றுவிடும். தவணை முடிந்ததும், பெரும்பாலும் மாதாமாதம், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இடையில் பங்கின் விலை ஏறி இறங்குவதால் கணக்கு முழுக்கமுழுக்கச் சரியாக வருவதில்லை. சிறு இடைவெளி எப்போதும் இருக்கும்.

சரி, வங்கி அடுத்த மாதத்துக்கு எந்த விலையைப் பேசும்? இன்றைய விலையையே பேசுவதில்லை. இரண்டு நாட்டு வட்டிகளும் அங்கே குறுக்கே வருகின்றன. டாலரை வங்கியில் போட்டால் வட்டி அதிகம், வெள்ளியில் போட்டால் குறைவு என்றால், டாலரை முன்கூட்டி விற்கிறவருக்கு அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை கிடைக்கும். 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 5.25-இலிருந்து 5.50 விழுக்காடு, அப்போது பேங்க் நெகாராவின் வட்டி 3 விழுக்காடு. ஆகவே அந்தக் காலத்தில் டாலரிலிருந்து வெள்ளிக்குக் காப்புப் போடுவதற்கு ஆண்டுக்கு 100 வெள்ளிக்கு ஏறக்குறைய 2 வெள்ளி செலவாயிற்று. இந்தச் செலவு எந்தக் கட்டணச் சீட்டிலும் தனி வரியாக வராது. நிதியின் விலையிலேயே ஓசைப்படாமல் கழிந்துவிடும். வட்டி நிலை மாறினால் இதுவும் மாறும். 2014-இல் அமெரிக்க வட்டி கிட்டத்தட்டச் சுழியமாக இருந்தது. அப்போது காப்பால் செலவில்லை, சிறிது வரவே இருந்தது. ஆகவே "காப்புக்கு என்ன செலவு?" என்ற கேள்விக்கு எந்நாளுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. எந்த நாட்டு நாணயம், அந்த ஆண்டு வட்டி என்ன என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தகைய காப்பு நிதிகள் பெரும் பெயர் பெற்றது நம் நாட்டாலல்ல, ஜப்பானால். 2012 டிசம்பரில் ஷின்சோ அபே மறுபடியும் ஜப்பானியப் பிரதமரானார். பணத்தைத் தாராளமாக வெளியிடும் கொள்கை வந்தது. ஜப்பானிய நாணயமான யென் சரிந்தது. யென் சரியச் சரிய, கார்களையும் இயந்திரங்களையும் வெளிநாட்டில் விற்கும் கம்பெனிகளின் இலாபம் யென் கணக்கில் பெருகியது. பங்கு விலை ஏறியது. நம் நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகள் டாலருக்கு விற்று வெள்ளியில் சம்பளம் கொடுப்பதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். 2013-ஆம் ஆண்டில் தோக்கியோவின் நிக்கெய் குறியீட்டெண் 100-க்கு 57 உயர்ந்தது. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு 87 யென்னாக இருந்தது, ஆண்டு முடிவில் 105 ஆகிவிட்டது. 100 டாலர் போட்ட அமெரிக்கருக்கு, காப்பில்லாமல் இருந்தால், 130 டாலருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேறியது. காப்பு இருந்தவருக்கு 157-ஐ ஒட்டி வந்தது. இதைக் கண்டு காப்புள்ள ஜப்பான் நிதிகளில் பணம் வந்து குவிந்தது.

பின்னால் வந்தவர்களின் கதை வேறு. 2016-இன் முதல் ஆறு மாதத்தில் நிக்கெய் 100-க்கு 18 விழுந்தது. ஆனால் யென் இம்முறை வலுவடைந்து, டாலருக்கு 120-இலிருந்து 103-க்கு வந்தது. காப்பில்லாத அமெரிக்கருக்கு நாணயமே மெத்தை போலத் தாங்கியது. அவருக்கு நஷ்டம் 100-க்கு 5 போலத்தான். காப்பு வாங்கியவர் அந்த மெத்தையைத் தானே அப்புறப்படுத்தியிருந்தார். 18-ம் அவர் தலையில் விழுந்தது.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 18-ஐக் காப்பு தடுக்கவில்லை. தடுப்பது அதன் வேலையும் அல்ல. பங்கின் விலை விழுந்தால் காப்புள்ள நிதியும் விழும், காப்பில்லாத நிதியும் விழும். காப்பு இரண்டு தராசுகளில் ஒன்றை மட்டுமே கட்டிவைக்கிறது. முகவர் "காப்பு இருக்கிறது, பயமில்லை" என்று சொல்லும்போது, எந்தத் தராசைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்டாலே பாதி விவரம் வெளியே வந்துவிடும்.

உண்மையான காப்புறுதி எது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். வங்கியில் போட்ட சேமிப்புக்கு, வங்கி நொடித்துப் போனாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பி.ஐ.டி.எம். என்னும் வைப்புக் காப்புறுதிக் கழகம் பொறுப்பேற்கிறது. யூனிட் டிரஸ்டும் ஈ.டி.எஃப்.பும் அந்தப் பொறுப்புக்குள் வருவதில்லை. வங்கி முகப்பிலேயே உட்கார்ந்து, வங்கி ஊழியரே விற்றாலும் வருவதில்லை.

அப்படியானால் வெளிநாட்டுப் பங்கே வேண்டாமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டோம். சொல்லப்போனால், ஊழியர் சேமநிதியில் பணம் வைத்திருக்கிற ஒவ்வொரு தொழிலாளியும் ஏற்கெனவே வெளிநாட்டு முதலீட்டாளர்தான். சேமநிதியின் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாடுகளில் இருக்கிறது. அங்கே பங்கும் நாணயமும் ஏறி இறங்குவதைச் சேமநிதி தன் கணக்கில் தாங்கிக்கொண்டு, நமக்கு வெள்ளியில் இலாப ஈவைத் தருகிறது. 2023-க்கு 5.50 விழுக்காடும் 2024-க்கு 6.30 விழுக்காடும் தந்தது. வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டரை விழுக்காடு என்று சட்டமே சொல்கிறது. அதிலிருந்து பணத்தை எடுத்து ஒரு காப்பு நிதியில் போடச் சொல்லும்போது, அந்த நிதி இதையெல்லாம் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் முகவரின் முன்கட்டணத்தையும் மீட்க வேண்டும். யூனிட் டிரஸ்டில் அந்தக் கட்டணம் 100 வெள்ளிக்கு 5 வெள்ளி வரைகூட இருக்கும். போட்ட அன்றே 95 வெள்ளியிலிருந்து ஓட்டத்தைத் தொடங்குகிற குதிரைக்கு ஒப்பானது அது.

பணம் எப்போது, எந்த நாணயத்தில் தேவைப்படும் என்பதுதான் நம் பார்வையில் முதல் கேள்வி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டில் எடுக்க வேண்டிய பணம், லயத்தை விட்டு வெளியேறி வீடு வாங்க வைத்திருக்கும் முன்பணம் ஆகியவற்றைப் பங்கில் போடவே கூடாது; காப்பு இருந்தாலும்கூடத்தான். சேமநிதியிலோ, விலை மாறாத அமானா சஹாம் மலேசியாவில் இடம் கிடைத்தால் அதிலோ இருக்கட்டும். மகன் ஆஸ்திரேலியாவில் படிக்கிறான், கட்டணத்தை அந்நாட்டு டாலரில் கட்ட வேண்டும் என்றால், அந்த டாலரை வெள்ளிக்குக் காப்புப் போடுவது தலைகீழான காரியம். வெள்ளி விழுந்தால் கட்டணம் ஏறும். அப்போது கைகொடுக்க வேண்டிய பணத்தைக் காப்பு கட்டிப்போட்டிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு தொடத் தேவையில்லாத, இழந்தாலும் அடுப்பு அணையாத ஒரு சிறு தொகை இருந்தால், அதில் வெளிநாட்டுப் பங்கு நிதி வாங்கலாம். அதையும் காப்பில்லாமல் வாங்குவதே மேல் என்பது நம் கருத்து. வீடு, வேலை, சேமநிதி எல்லாம் வெள்ளியிலேயே இருக்கிற குடும்பத்துக்கு, 1998-ஐப் போல வெள்ளி சரியும் நாளில் கொஞ்சம் வேற்று நாணயம் இருப்பது துணையாகும். நாலைந்து ஆண்டில் வெள்ளியாகத் திரும்ப வேண்டிய பணமானால், காப்புள்ள பிரிவைப் பற்றி யோசிப்பதில் நியாயம் உண்டு.

வாங்குவதற்கு முன் தாளைக் கையில் வாங்கி, வீட்டில் படித்த பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நிதியின் பெயருக்குப் பின்னால் "ஹெட்ஜ்ட்" என்ற சொல் இருக்கிறதா, எந்த நாணயத்துக்கு எதிராகக் காப்பு, முழுப் பணத்துக்குமா ஒரு பகுதிக்கா, முன்கட்டணம் எவ்வளவு, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். அதே நிதியில் காப்புள்ள பிரிவும் இல்லாத பிரிவும் இருந்தால், கடந்த ஐந்தாண்டில் இரண்டும் எப்படி நடந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 2014-ஐப் போன்ற ஆண்டும் 2024-ஐப் போன்ற ஆண்டும் அதில் கலந்திருக்கும். விற்கிறவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதைச் செக்யூரிட்டிஸ் கமிஷனிடம் விசாரிக்கலாம். உரிமம் இல்லாமல் பணம் திரட்டுகிறவர்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் அந்த ஆணையம் வெளியிடுகிறது. வாட்ஸ்அப்பில் மட்டும் முகம் காட்டி, பணத்தைத் தனிமனிதர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறவரிடம் காப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. முறையான நிதிக்குப் பணம் நிதி நிறுவனத்தின் பெயரில்தான் போகும், அதற்கு நிறுவனத்தின் இரசீதும் வரும்.